கலவைகளைப் பிரித்தல்: அரிசிக் கல்லும் கடல் மணலும்

இரண்டோ பலவோ ஆகிய பொருள்கள் தத்தம் குணங்களை இழவாமல் ஒன்றாய்க் கூடியிருப்பது கலவை எனப்படும். குணங்கள் மாறாதிருப்பதால், அப்பொருள்கள் வேறுபடும் குணம் ஒன்றைப் பற்றிக்கொண்டு அவற்றைப் பிரித்துவிடலாம். முறைகளின் பெயர்களை மாணாக்கர் நெட்டுருச் செய்வதைவிட, “இவை எக்குணத்தில் வேறுபடுகின்றன?” என்று கேட்கப் பழகுவதே பயன் தரும்.

அடுக்களையில்

திருவனந்தபுரத்து வலியசாலையில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் அக்கிரகாரத் தெருக்கள் உள்ளன. அத்தகைய வீட்டின் அடுக்களையிலேயே பாடத்தைத் தொடங்கலாம். முறத்தில் புடைக்கும்போது இலேசான உமி காற்றில் விலகுகிறது. மாவிலுள்ள கப்பி பருமனால் வேறுபடுவதால் சல்லடையில் தங்குகிறது. மோரில் திரண்ட வெண்ணெய் நீரைவிட இலேசானது. ஆதலால் மேலே மிதக்கிறது.

அரிசியின் பருமனே உடைய கல்லைச் சல்லடை பிரிக்காது. ஆகவே, நீர் விட்டு அரிக்கிறார்கள். கல் நீக்கிய ஆலை அரிசி இன்று எளிதாகக் கிடைப்பினும், இச்செயலின் காரணம் அறியத்தக்கது. அரிசியின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.4, கல்லினது 2.65. காற்றில் கல்லின் எடை, அதே பருமனுள்ள அரிசியைப் போல் இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவு எடை குறையும். எனவே இரண்டிலும் 1 கழிய, எஞ்சுவன 0.4, 1.65. இப்போது கல் நான்கு மடங்கு கனமாகிவிடுகிறது. பாத்திரத்தைச் சுழற்றிச் சாய்த்தால் அரிசி நீரோடு செல்ல, கல் அடியில் தங்கிவிடும்.

கடற்கரையில்

இதே முறை தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் பயன்படுகிறது. இக்கடற்கரை மணலில் மோனஸைட் இருப்பதை 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் கண்டார். ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்கு அதனைக் காட்டியது. அப்போது இப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1950இல் நிறுவப்பெற்ற இந்திய அருமண் நிறுவனம் இங்கும், கேரளத்துச் சவறாவிலும் தாதுக்களைப் பிரித்தெடுக்கிறது.

வெண்மணலின் ஒப்படர்த்தி 2.65. இல்மனைட், ஸிர்க்கான், ரூடைல், மோனஸைட் ஆகிய தாதுக்களுக்கோ அது 4.2 முதல் 5.2 வரை இருக்கும். ஆகவே நீரோட்டத்தில் வெண்மணல் எளிதில் விலகிவிடும். ஆனால் நான்கு தாதுக்களும் தம்முள் கனத்தால் அதிகம் வேறுபடுவதில்லை. எனவே, வேறு குணங்களை நாடவேண்டும்.

முதற்கேள்வி: மின்சாரம் கடத்துமா? உலர்த்திச் சூடேற்றிய மணலுக்கு உயர்மின்னழுத்தத்தால் மின்னேற்றம் தந்து, சுழலும் உலோக உருளைமேல் விடுவார்கள். கடத்தும் மணிகள் மின்னேற்றத்தை உருளைக்குக் கொடுத்துவிட்டு விலகி விழும். கடத்தாதவை ஒட்டிக்கொண்டு அப்பால் செல்லும். இரண்டாம் கேள்வி: காந்தம் ஈர்க்குமா? இவற்றின் விடைகள் வருமாறு:

இல்மனைட்: கடத்தும், காந்தம் ஈர்க்கும்.
ரூடைல்: கடத்தும், ஈர்க்காது.
மோனஸைட்: கடத்தாது, வலிய காந்தம் சிறிதளவு ஈர்க்கும்.
ஸிர்க்கான்: கடத்தாது, ஈர்க்காது.

இரண்டு கேள்விகளால் நான்கு பொருள்கள் தனித்தனியாகின்றன.

எல்லை

மோனஸைட்டில் 8 முதல் 10 விழுக்காடு வரை தோரியம் ஆக்ஸைடு உண்டு. பாரத நாட்டின் அணுசக்தித் திட்டத்தின் மூன்றாங்கட்டம் தோரியத்தையே நம்பியது. எனினும் அத்தோரியத்தை நீரோ காந்தமோ பிரித்துத் தராது. மோனஸைட் கலவையன்று, அருமண் தனிமங்களும் தோரியமும் பாஸ்பேட்டாகக் கூடிய சேர்மம். அதனை உடைக்க இரசாயன மாற்றம் வேண்டும். அதற்கென்றே 1952இல் ஆலுவாயில் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வகுப்பில் செய்வதற்கு

மோனஸைட் கதிரியக்கம் உடையதாதலால் அதனை வகுப்புக்குக் கொணர வேண்டாம். மணல், உப்பு, இரும்பு அரப்பொடி மூன்றையும் கலந்து ஒவ்வொரு குழுவுக்கும் கொடுக்க. காகிதம் சுற்றிய காந்தத்தால் இரும்பை எடுக்கலாம். எஞ்சியதை நீரில் கலக்கி வடிகட்டினால் மணல் தங்கும். வடிநீரைக் காய்ச்சினால் உப்புக் கிடைக்கும். தொடங்குமுன், ஒவ்வொரு படியிலும் பயன்படும் குணத்தை மாணாக்கர் எழுதிக் காட்டவேண்டும்.

வினாக்கள்

1. தெளிந்த வடிநீர் உப்புக் கரிப்பது ஏன்?
2. உப்பும் சர்க்கரையும் கலந்தால் நீரில் கரைத்து வடிகட்டிப் பிரிக்க இயலுமா? காரணம் கூறுக.