பேஸ் கம்பியை எப்போது கழுவுவது, எப்போது மாற்றுவது

பேஸ் கிட்டார் கம்பியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டால், மூன்று மாதம் என்பவரும் உண்டு, அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பவரும் உண்டு. இரண்டுமே சரியான பதில் அல்ல, ஏனென்றால் கம்பி நாட்காட்டியைப் பார்த்து மூப்படைவதில்லை. அதன்மேல் மூன்று காரியங்கள் தனித்தனியாக நடக்கின்றன: கம்பியின் வெளிச்சுற்றுகளுக்கு இடையே வியர்வையும் தோல் எண்ணெயும் இறந்த தோலும் சேர்கின்றன, ஃப்ரெட்டில் மோதி மோதி அடிப்பக்கத்தில் பள்ளம் விழுகிறது, உலோகம் துருப்பிடிக்கிறது. முதலாவதைக் கழுவிப் போக்கலாம். மற்ற இரண்டுக்கும் பரிகாரம் கிடையாது. ஆகவே மாற்றலாமா என்று யோசிப்பதற்கு முன், வந்திருப்பது எந்த மூப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் வியர்த்து வாசிப்பவரின் கம்பி சில வாரங்களில் மங்கிவிடும். கையைக் கழுவிவிட்டு வாசித்து, முடிந்ததும் துணியால் துடைத்து வைப்பவரின் கம்பி பல மாதம் தாங்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்றும் புழுக்கமும் சேர்ந்து இந்தக் கணக்கை இன்னும் குறைத்துவிடும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகைக் கம்பி என்று பாருங்கள். நகத்தைக் கம்பியின்மேல் நீளவாக்கில் இழுக்கும்போது கரகரவென்று ஓசை வந்தால் அது ரவுண்ட்வவுண்ட்: எஃகு நடுக்கம்பியின்மேல் உருண்டையான நிக்கல் பூசிய கம்பியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியோ சுற்றப்பட்டிருக்கும். வழவழவென்று நகம் சறுக்கினால் ஃபிளாட்வவுண்ட். அதில் வெளிச்சுற்று தட்டையான நாடா. அழுக்கு தங்க இடம் தருவது முதல் வகையின் பள்ளங்கள்தாம். கடைசிக் கம்பியான ஈ நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது; அதனுடன் 82, 123, 164 என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காக ஒலிக்கின்றன. பளீரென்ற தன்மை முழுவதும் இந்த மேல் அடுக்குகளில்தான் இருக்கிறது. பள்ளங்களில் அழுக்கு நிறைந்தால் சுற்றுகளின் அசைவு தடைபடும். வேகமான அதிர்வுகள்தாம் முதலில் அடங்கிப்போகும். சின்ன ஸ்பீக்கரில் 41 முழுமையாகக் கேட்காது. மேற்சுரங்களை வைத்துத்தான் காது அந்தச் சுரத்தை ஊகிக்கிறது. வீட்டு ஆம்ப்பில் ஈ கம்பி மட்டும் காணாமல் போவதாகத் தோன்றினால், ஆம்ப்பைக் குறை சொல்வதற்கு முன் கம்பியைப் பாருங்கள்.

அடுத்து மூன்று சோதனைகள். ஆம்ப்பின் டோன் குமிழ்களை நடுவில் வைத்து, திறந்த கம்பியை மீட்டிவிட்டு கையை எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு உலோக ஒலி வந்து மெல்ல மங்கினால் கம்பி இளமையானது. பொத்தென்று விழுந்து உடனே மொட்டையாகிவிட்டால் அழுக்கு ஏறியிருக்கிறது. இரண்டாவது, விரலைக் கம்பியின் அடியில் கொடுத்து, முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாவது வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஃப்ரெட்டுக்கு நேராகச் சின்னச் சின்ன தட்டைகள் நெருடினால், அது எந்தக் கழுவலிலும் போகாது. மூன்றாவதுதான் முக்கியம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் ஹார்மானிக்கை டியூனரில் சரியாக வைத்துக்கொண்டு, அதே இடத்தில் கம்பியை அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை, பிரிட்ஜில் சாடிலை நகர்த்தியும் சரிவரவில்லை, டியூனரின் முள்ளும் நிலைகொள்ளாமல் ஆடுகிறது என்றால் கம்பியின் எடை நீளம் முழுக்க ஒரே சீராக இல்லை என்று பொருள். மேற்சுரங்கள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிவிட்டன. சுருதி சேர்த்தும் சேராதது போலக் கேட்பது இதனால்தான்.

தொடுதலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: பழைய கம்பி ‘தளர்ந்துவிடும்’ என்று. நீளமும் எடையும் சுருதியும் மாறாதவரை இழுவிசையும் மாறாது. இது இயற்பியல், ரசனை அல்ல. அழுக்கால் எடை ஒரு துளி கூடினால், அதே சுருதிக்கு இழுவிசை சற்றுக் கூடத்தான் வேண்டும். விரல் உணர்வது மேற்பரப்பைத்தான். புது ரவுண்ட்வவுண்ட் அரம் போல உரசும், கை நகரும்போது கீச்சென்று சத்தமிடும். கொஞ்ச நாளில் அது மழுங்கி இதமாகும்; அதற்கும் பிறகு பிசுபிசுப்பும் துருவின் சொரசொரப்பும் வரும். நடுவிலுள்ள அந்த இதமான பருவத்தைப் பலர் விரும்புவதில் தவறில்லை.

இந்த இடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் பெயர் எழும். டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசை நிறுவனப் பாட்டுகளுக்கு 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் வாசித்த அவர், அறுந்தாலொழிய கம்பி மாற்றாதவர் என்று பெயர் பெற்றவர். அப்படியிருக்க நாம் ஏன் மாற்ற வேண்டும்? அவர் பயன்படுத்தியது லா பெல்லாவின் தடித்த ஃபிளாட்வவுண்ட். அழுக்கு புகப் பள்ளமே இல்லாதது. அது மெல்ல மெல்ல உருண்டு திரண்ட ஒலியாகக் கனியும். ரவுண்ட்வவுண்ட் அப்படிக் கனிவதில்லை. த ஹூ குழுவின் ஜான் என்ட்விஸ்ல் 1966-இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து பேஸுக்கான ரவுண்ட்வவுண்டை மேம்படுத்தியதே பியானோ போன்ற பளபளப்புக்காகத்தான். அதைப் பல ஆண்டுகள் விட்டுவைத்தால் கிடைப்பது ஜேமர்சன் அல்ல, செத்த என்ட்விஸ்ல். பழைய மோட்டவுன் ஒலி வேண்டுமென்றால் ஃபிளாட்வவுண்ட் வாங்கி, பிரிட்ஜ் அருகே கம்பிக்கடியில் ஒரு ஸ்பாஞ்சு துண்டை வையுங்கள்.

புதுக் கம்பியின் கூர்மையை டோன் குமிழைத் திருப்பிக் குறைத்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு வாதம். பெரும்பாலும் சரி. ஆனால் அது ஒருவழிப் பாதை. இருப்பதைக் குறைக்கலாம், கம்பி எழுப்பாத மேற்சுரத்தை ஆம்ப்பில் கூட்ட முடியாது. கூட்டினால் இரைச்சலும் ஃப்ரெட் மோதும் சத்தமும்தான் பெருகும். ஸ்லாப் வாசிப்பவருக்கும் ஒலிப்பதிவுக்குப் போகிறவருக்கும் இந்த வேறுபாடு பணமதிப்புள்ளது; பழைய சோல் பாட்டு வாசிப்பவருக்கு அவ்வளவு இல்லை.

சோதனையில் அழுக்கு மட்டுமே பிடிபட்டால் கழுவுங்கள். கம்பிகளைக் கழற்றி, இறுக மூடும் குழாயிலோ பாட்டிலிலோ போட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மூழ்கவைத்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் எடுத்துத் துடைத்தால் துணி கருக்கும். முழுக்க உலர்ந்த பிறகே மாட்டுங்கள், ஈரம் பட்டால் கிட்டாரின் பாலிஷ் கெடலாம். அடுப்புப் பக்கம் இந்த வேலை வேண்டாம். தண்ணீரில் கொதிக்கவைக்கும் பழைய முறையும் பலன் தரும். ஆனால் உள்ளே தங்கும் ஈரம் நடுக்கம்பியைத் துருவேற்றும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கழுவிய பளபளப்பு புதுக் கம்பியின் அளவுக்கு நீடிக்காது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் முறுக்காணியில் மடிந்த இடம் பலவீனமாகும்.

ஃப்ரெட் மோதிய பள்ளமோ துருவோ இருந்தால் செட்டையே மாற்றுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் கழுத்தின் மீதுள்ள இழுவிசை ஒரேயடியாக மாறாது. முறுக்காணியைத் தாண்டி ஏறக்குறைய 12 செ.மீ. விட்டு, அந்த இடத்தில் முதலில் செங்கோணமாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்று நழுவி, அந்தக் கம்பி பிறந்த அன்றே செத்துவிடும். நுனியை ஆணியின் நடுத்துளையில் செருகி, இரண்டு மூன்று சுற்று கீழ்நோக்கிப் போகும்படி முறுக்குங்கள். சுருதி சேர்ந்ததும், சாடிலையும் நட்டையும் ஒட்டிய இடத்தில் கம்பியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, வளைவை உட்காரவையுங்கள். புதுக் கம்பி மொட்டையாக ஒலிப்பதற்குப் பல நேரம் இந்த ஒரு அழுத்தலை விட்டதுதான் காரணம்.

கழற்றியதில் துருவில்லாதவற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியிருக்கும் செட் பழசான பிறகு மேடையில் ஒன்று அறுந்தால், மூன்று மங்கிய கம்பிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கணீரென்று தனித்துக் கேட்பதைவிட, அதன் வயதொத்த பழையதே பொருந்தும்.