முழங்கால் ஆழம்தானே என்று நிற்கலாமா?

பேராக், கோப்பெங் வட்டாரத்தில் ஓடும் கம்பார் ஆறு, ரப்பர் படகுப் பயணத்துக்குப் பெயர் பெற்றது. பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் இத்தகைய ஆறுகளில் படகு செலுத்துவோர் தவறாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: "விழுந்தால், உடனே எழுந்து நிற்காதே!" மாணவர்களே, முழங்கால் ஆழத்தில் நிற்பதில் அப்படி என்ன ஆபத்து?

கணக்கிட்டுப் பார்ப்போம்

ஆற்றின் அகலம் 10 மீட்டர், ஆழம் 0.5 மீட்டர், நீரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

10 × 0.5 × 1 = 5 கன மீட்டர்

அதாவது, ஒவ்வொரு விநாடியும் 5 டன் நீர் கடந்து செல்கிறது. பாறைகளுக்கிடையே அகலம் 5 மீட்டராகக் குறுகினாலும், அதே அளவு நீர்தான் அங்கும் கடந்தாக வேண்டும். ஆழம் மாறாவிட்டால் வேகம் விநாடிக்கு 2 மீட்டராகிவிடும்.

வேகம் இரு மடங்கானால் நீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஏனெனில் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீரில் நிற்கும் கால்களின் பரப்பு 0.1 சதுர மீட்டர் என்றால், விசை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1 மீட்டர் வேகம்: 50 நியூட்டன்
2 மீட்டர் வேகம்: 200 நியூட்டன்
3 மீட்டர் வேகம்: 450 நியூட்டன்

450 நியூட்டன் என்பது 45 கிலோகிராம் பொருளின் எடை! எழுந்து நிற்க முயலும்போது பாதம் பாறை இடுக்கில் சிக்கினால், இந்த விசை உடலைக் கவிழ்த்துத் தலையை நீருக்குள் அழுத்திவிடும். ஆகவே, மல்லாந்து மிதந்து, பாதங்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி, ஆறு ஓடும் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும். பாறை எதிர்ப்பட்டால் கால்களால் உதைத்து விலகலாம்.

நுரை ஏன் தாங்காது?

நுரையில் காற்றுக் குமிழ்கள் நிறைந்துள்ளன. அவை எல்லா நிறங்களையும் சிதறடிப்பதால் நீர் வெண்மையாகத் தெரிகிறது. பத்தில் மூன்று பங்கு காற்று கலந்தால், ஒரு கன மீட்டரின் பொருண்மை 1000 கிலோகிராமிலிருந்து 700 கிலோகிராமாகக் குறையும். ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி மிதப்பு விசையும் குறையும். நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிவது இதனால்தான்.

மழை எங்கே பெய்கிறது?

குளிர்நாடுகளில் வசந்த காலத்தில் உருகும் பனி சிற்றாறுகளை நிரப்புகிறது. நம் நாட்டில் அந்த வேலையை மழை செய்கிறது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலையில் பெய்த மழை திடீரெனப் பாய்ந்து வரலாம். மலாயில் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேற்புறம் இரைச்சல் கேட்பது ஆகியவை இதன் அறிகுறிகள். ஒன்றைக் கண்டாலும், பொருள்களை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

சிந்தியுங்கள்: நீரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டரிலிருந்து 4 மீட்டரானால், விசை எத்தனை மடங்காகும்?

விடை: 16 மடங்கு.