போர்ட்டோ நகரில் ஓர் உணவு நடை

நம் சங்கத்து அன்பர்களில் பலர் பணி ஓய்வுக்குப் பின் வெளிநாடு போய் வருகிறார்கள். போன இடத்தில் பேருந்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே ஊரைப் பார்த்துத் திரும்புவதே வழக்கமாக இருக்கிறது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ‘உணவு நடை’ என்றொரு ஏற்பாடு உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் மூன்று நான்கு மணி நேரம் தெருத் தெருவாக நடப்பார்கள். ஐந்தாறு கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, அந்தந்த உணவின் கதையைக் கேட்பார்கள். மகன் அலுவலக வேலையாகப் போர்ச்சுகல் சென்றபோது குடும்பத்தோடு நாங்களும் போனோம். போர்ட்டோ நகரில் இப்படி நடந்து கற்றதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

நிலையத்தில் தொடங்கிய நடை

போர்ட்டோ, டோரோ ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தில், செங்குத்தான மேட்டில் அமைந்த ஊர். லிஸ்பனுக்கு அடுத்த பெரிய நகரம். அதன் பழைய பகுதியை 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எங்கள் நடை சாவ் பென்டோ ரயில் நிலையத்தில் தொடங்கியது. ரயில்வேயில் காலம் கழித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா? பழைய கன்னிமாடம் ஒன்று இருந்த இடத்தில் கட்டப்பட்டு, 1916இல் திறக்கப்பட்ட நிலையம் இது. முன்கூடத்துச் சுவர்களில் ஏறக்குறைய 20,000 ஓடுகள் பதித்திருக்கிறார்கள். வெள்ளையில் நீலம் தீட்டிய இந்த ஓடுகள் ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியரின் கைவண்ணம்.

வழிகாட்டிப் பெண் எங்களை ஒரு பெரிய படத்தின் முன் நிறுத்தினார். 1415இல் வட ஆப்பிரிக்காவின் செயூட்டா துறைமுகத்தைப் போர்ச்சுகீசியர் பிடித்த காட்சி அது. அந்தப் படையெடுப்புக்கு ஊரிலிருந்த இறைச்சியை எல்லாம் உப்பிட்டுக் கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். ஊராருக்கு மிஞ்சியது குடல் மட்டும். அதை வெள்ளை மொச்சையோடு சேர்த்துச் சமைத்துப் பசியாறினார்களாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆனால் போர்ட்டோ மக்களுக்கு இன்றும் ‘திரிப்பெய்ரோ’, அதாவது குடல் தின்னி, என்றுதான் பட்டப்பெயர். அதை அவர்கள் பெருமையாகவே சொல்லிக் கொள்கிறார்கள். நானும் மனைவியும் சைவம். மகன் சாப்பிட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றான்.

சந்தையில் கண்டது

அடுத்து பொல்யாவ் சந்தை. 1914இல் கட்டிய இரண்டு அடுக்குக் கட்டடம். பழுதுபார்த்து 2022இல் மீண்டும் திறந்தார்கள். அங்கே பலகை போல விறைத்த மீன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நம் கருவாட்டின் அண்ணன் என்று சொல்லலாம். இதன் பெயர் ‘பக்கல்யாவ்’, உப்பிட்டு உலர்த்திய காட் மீன். வியப்பு என்னவென்றால், இந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதில்லை. நியூஃபவுண்ட்லாந்து, நார்வே போன்ற குளிர்க் கடல்களிலிருந்து வருவது. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததால், கப்பலுக்கும் மலையோரக் கிராமத்துக்கும் ஒருசேரப் பயன்பட்டது. சமைக்கும் முன் ஒருநாள், இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை எடுக்க வேண்டும்.

சைவக்காரர்களுக்கு ‘ப்ரோவா’ என்ற மக்காச்சோள ரொட்டி கிடைக்கும். ‘கால்டோ வெர்டே’ என்பது உருளைக்கிழங்கை மசித்து, ஒருவகைக் கீரையை நூல் போல அரிந்து போட்ட சூப். அதில் தொத்திறைச்சித் துண்டு ஒன்றை மிதக்க விடுவது வழக்கம். ஆகவே முன்பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், இறைச்சி வேகவைத்த நீர் எதுவும் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: உணவு விடுதியில் நாம் கேட்காமலே மேஜையில் வைக்கும் ரொட்டிக்கும் ஆலிவ் காய்க்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம். தெருக்கள் கருங்கல் பாவிய ஏற்ற இறக்கங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நல்ல பிடிப்புள்ள காலணி அணிவது அவசியம்.

சொற்கள் வந்த வழி

ரொட்டிக் கடையில் வழிகாட்டி ‘பாவ்’ என்று மூக்கால் ஒலித்தார். அடுத்து ‘பட்டாட்டா’ என்று உருளைக்கிழங்கைக் காட்டினார். மும்பையில் வளரும் என் பத்து வயதுப் பேரன், “தாத்தா, இவங்க மராத்தி பேசுறாங்க!” என்றான். கூட்டமே சிரித்தது. அவன் தினமும் கேட்கும் பாவும் பட்டாட்டாவும் போர்ச்சுகீசியர் கொண்டு வந்த சொற்களே.

நம் தமிழும் விலக்கல்ல. மேலே நான் எழுதிய ஜன்னல், மேஜை இரண்டும் அவர்கள் சொற்கள். சாவி, அலமாரி, வராந்தா, ஏலம், துவாலை, அன்னாசி, கொய்யா ஆகியவையும் அப்படியே. மிளகாயின் கதை வேறு. அமெரிக்காவில் விளைந்த அந்தக் காயை 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். பொருளை ஏற்றுக்கொண்ட தமிழர் பெயரைக் கடன் வாங்கவில்லை. மிளகு போல் காரமாக இருந்ததால் மிளகாய் என்று தாமே பெயரிட்டார்கள்.

பாலமும் பீப்பாயும்

ஆற்றைக் கடக்கும் முதலாம் லூயிஸ் பாலத்தில் நான் சிறிது நேரம் நின்றுவிட்டேன். 172 மீட்டர் அகல இரும்பு வளைவு, மேலும் கீழுமாக இரண்டு தளங்கள். தியோஃபில் செய்ரிக் என்ற பொறியாளர் வடிவமைத்து 1886இல் திறந்தது. இன்று மேல்தளத்தில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. சற்றுக் கிழக்கே ஈஃபல் நிறுவனம் 1877இல் கட்டிய மரியா பியா ரயில் பாலம் நிற்கிறது. 1991 வரை ரயில்கள் அதில் சென்றன.

அக்கரையில் உள்ள ஊர் காயா. போர்ட் ஒயின் கிடங்குகள் அங்கேதான் இருக்கின்றன. திராட்சைச் சாறு புளிக்கும்போதே நடுவில் சாராயம் சேர்த்துப் புளிப்பதை நிறுத்துவார்கள். சர்க்கரை மிஞ்சுவதால் ஒயின் இனிக்கும். அதை வைக்கும் மர உருளைக்கு ‘பிப்பா’ என்று பெயர். வணிக அளவில் ஒரு பிப்பா 550 லிட்டர். நம் ‘பீப்பாய்’ அங்கிருந்து வந்ததுதான்.

கஞ்சி போன ஊர்

கடைசியாக ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. பலகையில் எழுதியிருந்த உணவுகளில் ஒன்று ‘கான்ஜா’. அரிசியைக் குழைய வேகவைத்த கோழிச் சாறு. “குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் பாட்டிமார் முதலில் வைப்பது இதைத்தான்” என்றார் வழிகாட்டி. அந்தச் சொல் கேரளக் கரையில் போர்ச்சுகீசியர் கற்றுக்கொண்ட ‘கஞ்சி’. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். கோவாவில் வாழ்ந்த கார்சியா டா ஓர்ட்டா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர், மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரை நோயாளிக்குக் கொடுப்பதைப் பற்றி 1563இல் வெளியான தம் நூலிலேயே குறிப்பிடுகிறார். கஞ்சி எங்கள் ஊர்ச் சொல் என்று நான் சொன்னதும், அந்தப் பெண் நம்ப முடியாமல் பார்த்தார். பிறந்தது முதல் தம் வீட்டுச் சொல்லாகவே அவர் அதை அறிந்திருக்கிறார்.

அப்போது பேரன் என் கையைப் பிடித்து, “தாத்தா, கஞ்சின்னா என்ன?” என்று கேட்டான்.

அன்பர்களே, அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. நொய்யரிசி கிடைக்காத ஊரில் நாம் வாழவில்லை. ஆனால் பிறந்த மண்ணை விட்டு வந்த நம் வீடுகள் பலவற்றில் காய்ச்சலுக்குப் பாக்கெட் சூப்பும் பிரெட்டும் என்றாகிவிட்டது. பண்டம் அடுப்பை விட்டு இறங்கினால், அதன் பெயரும் பிள்ளைகள் வாயை விட்டு இறங்கிவிடும். எங்கோ அட்லாண்டிக் கரையில் ஒரு நாட்டார் நம் சொல்லை ஐந்நூறு ஆண்டுகளாக வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்கள் வகுப்பு எதுவும் நடத்தவில்லை. நோயுற்ற பிள்ளைக்குத் தவறாமல் வைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வாரம் ஒருநாள் வீட்டில் கஞ்சி வையுங்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளமோ துவையலோ இருக்கட்டும். பரிமாறும்போது அதன் பெயரைத் தமிழில் சொல்லிப் பரிமாறுங்கள்.