திகில் கதையில் திருச்சிலுவை

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் முன்னோர் மொழி. பேய்க்கதை படித்துவிட்டுப் படுத்தவளுக்கோ, கொடியில் காயும் பாவாடையும் பேய்தான்! சென்ற கோடை விடுமுறையில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'டிராகுலா' என்னும் ஆங்கில நாவலைப் படித்தேன். அந்நாள்களில் செபமாலையைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டே உறங்கினேன். அதைக் கண்ட என் தங்கை, "அக்கா, செபமாலையை எங்கேயாவது மறந்து வைத்துவிட்டால் இயேசு வரமாட்டாரா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஆசிரியரும் கதையும்

இந்நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர், அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் 1847-ஆம் ஆண்டு பிறந்தவர். புராட்டஸ்டாண்ட் சபையைச் சேர்ந்தவர். லண்டனில் நாடக அரங்கு ஒன்றின் நிர்வாகியாகப் பணியாற்றியபோது எழுதிய இந்நூல் 1897-இல் வெளிவந்தது. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள் ஆகியவற்றைக் கோத்தே முழுக் கதையும் சொல்லப்படுகிறது.

ஜோனதன் ஹார்க்கர் என்னும் ஆங்கிலேய இளைஞர், அலுவல் நிமித்தம் திரான்சில்வேனியாவுக்குச் செல்கிறார். அங்கே மலைக்கோட்டையில் வாழும் டிராகுலா பிரபு, இறந்தும் இறவாமல் மனித இரத்தத்தைக் குடித்து வாழ்பவன். அவன் இங்கிலாந்துக்கு வந்து லூசி என்னும் பெண்ணைப் பலிகொள்கிறான். ஜோனதனின் மனைவி மினாவையும் தீண்டுகிறான். வான் ஹெல்சிங் என்னும் முதிய பேராசிரியரும் நண்பர்களும் அவனைத் துரத்திச் சென்று அழிக்கிறார்கள்.

விடுதிக்காரியின் அன்பளிப்பு

கோட்டைக்குப் புறப்படும் ஜோனதனின் முன் விடுதிக்கார மூதாட்டி முழந்தாளிட்டு, போகவேண்டாமென்று மன்றாடுகிறாள். அவர் இணங்காதபோது, தன் கழுத்தில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றி, "உன் தாயின் பொருட்டு" என்று சொல்லி அவருக்கு அணிவிக்கிறாள். அத்தகைய பொருள்கள் ஓரளவு விக்கிரக ஆராதனையைச் சேர்ந்தவை என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்தவர் ஜோனதன். எனினும் அம்மூதாட்டியின் மனம் நோகாதிருக்க ஏற்றுக்கொள்கிறார். பின்னர் கோட்டையில் டிராகுலா அவர் தொண்டையைப் பற்றப் பாய்ந்தபோது, அந்தச் சிலுவை கோத்த மணிமாலையில் அவன் கை பட, அவனது வெறி நொடியில் அடங்குகிறது.

அதன்பின் ஜோனதன் தம் நாட்குறிப்பில் ஒரு கேள்வி எழுப்புகிறார். இந்த ஆறுதல் அப்பொருளுக்குள்ளேயே இருக்கிறதா? அல்லது அன்பின் நினைவைக் கொண்டுவரும் கருவியாக அது அமைகிறதா? என் தங்கை கேட்டதும் இதே கேள்விதான்!

சிலுவை மந்திரத் தாயத்தா?

இக்கேள்விக்கு நாவலில் தெளிவான விடை இல்லை. வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தைப் பொடித்துப் பசையோடு பிசைந்து, கல்லறையின் இடுக்குகளை அடைக்கிறார். தமக்கு 'பலன்' உண்டு என்று காரணமும் கூறுகிறார். இது பெரும் பிழை. திருச்சபை அளிக்கும் பலன் என்பது, மன்னிக்கப்பட்ட பாவத்துக்குரிய தண்டனையைக் குறைப்பதே தவிர, எதையும் செய்வதற்கான அனுமதிச் சீட்டு அன்று. நற்கருணை நாம் ஆராதித்து உட்கொள்ள வேண்டிய ஆண்டவர். பேயை அடைக்கும் சுண்ணாம்பு அல்ல.

திருத்தூதர் பணிகள் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. எபேசு நகரில் ஸ்கேவா என்பவரின் புதல்வர் எழுவர், இயேசுவை அறியாமலே அவர் பெயரை மந்திரம்போல் சொல்லிப் பேயோட்ட முயன்றார்கள். "நீங்கள் யார்?" என்று கேட்ட தீய ஆவி அவர்களை அடித்துத் துரத்தியது. பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அப்பெயருக்கு உரியவரோடு உறவு வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. செபமாலை, சிலுவை, தீர்த்தம் ஆகியவை திருச்சபையின் செபத்தாலும் நம் விசுவாசத்தாலும் நமக்கு நன்மை தருகின்றன என்றே மறைக்கல்வி வகுப்பிலும் கற்கிறோம்.

கதவைத் திறப்பது யார்?

வீட்டிலுள்ள ஒருவர் முதலில் அழைத்தாலன்றி டிராகுலா உள்ளே நுழைய இயலாது என்பது கதையின் விதி. இது என்னைச் சிந்திக்க வைத்தது. பாவமும் அப்படித்தான் அல்லவா? சி. எஸ். லூயிஸ் 1942-இல் வெளியிட்ட நூலொன்றில், முதிய பேய் ஒன்று தன் மருமகனுக்கு 31 கடிதங்கள் எழுதுகிறது. அவற்றில் இரத்தமும் இல்லை, கல்லறையும் இல்லை. எரிச்சல், தற்பெருமை, செபத்தில் சோம்பல் ஆகிய சிறு வாசல்கள் வழியாக மனிதனை எப்படி வீழ்த்துவது என்பதே அப்பேய் தரும் பாடம். தோழியைப் பற்றிப் புறங்கூறும்போது நாமும், "உள்ளே வா" என்றுதானே அழைக்கிறோம்!

மினாவின் இரக்கம்

கதையில் என்னை மிகவும் கவர்ந்தவர் மினா. டிராகுலாவின் தீண்டலால் கறைபட்ட அவர் நெற்றியில் நற்கருணை அப்பம் பட்டதும், அது சுட்டுத் தழும்பாகிறது. தாம் தீட்டுப்பட்டுவிட்டதாக அவர் கதறும் இடத்தில் நானும் அழுதேன். இவ்வளவு கொடுமை செய்தவன் நரகத்தில் எரியவேண்டும் என்று ஜோனதன் கொதிக்கிறார். மினாவோ, அந்த ஆன்மாவே எல்லாரினும் துயரமானது, அதன்மீது இரக்கம் கொள்ளுங்கள், ஒருநாள் எனக்கும் அந்த இரக்கம் தேவைப்படலாம் என்று வேண்டுகிறார். தீமையை அழிக்க வேண்டாமென்று அவர் சொல்லவில்லை; பகையில்லாமல் அழிக்கச் சொல்கிறார். இறுதியில் டிராகுலா மடியும் நொடியில் அவன் முகத்தில் அமைதி தோன்றுகிறது. மினாவின் நெற்றித் தழும்பும் மறைகிறது.

சிலுவையை ஆயுதமாக ஏந்தியவர்கள் பலர். தம்மை வதைத்தவனுக்காக இரக்கம் கேட்ட மினாவோ, சிலுவையில் தொங்கியவரைப்போலவே நடந்துகொண்டார்.

முடிவுரை

திகில் கதைகள் படிப்பது தவறா என்று சிலர் கேட்கலாம். பயத்தை மட்டும் விட்டுச்செல்லும் கதையால் பயனில்லை. நம் விசுவாசத்தைக் கேள்வி கேட்கவைத்து, விடை தேடவும் வைக்கும் கதை நல்ல ஆசிரியைக்குச் சமம்.

என் தங்கைக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன்: "நாம் செபமாலையை மறந்தாலும் இயேசு நம்மை மறக்கமாட்டார். அவரை நாம் மறந்துவிடாமல் இருக்கத்தான் செபமாலை." இப்போதும் அது என் தலையணை அருகில்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கையில் சுற்றிக்கொண்டு உறங்குவதில்லை. இருவரும் சேர்ந்து ஒரு பத்துமணி சொல்லி, எங்களோடு சண்டையிட்டவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டு, விளக்கை அணைக்கிறோம். இருட்டு முன்போல் அச்சுறுத்துவதில்லை.