‘ம்’ கொட்டினால்தான் கதை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அப்பா நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவார். ‘உஷ், சத்தம் போடாதே’ என்று குழந்தையின் கையில் போனைக் கொடுத்துவிடுவோம். பாட்டி எங்கோ ஊரில். இரண்டரை வயதில் ‘இன்னும் பேச்சு வரலையே’ என்று பதறும் வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

பாட்டி கதை சொன்னால் நாம் ‘ம்’ கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் கதை நகராது. விஷயம் அந்த ‘ம்’மில்தான் இருக்கிறது. ஒருவர் பேச ஒருவர் பதில் தருவதைக் குழந்தை அங்கேதான் பழகுகிறது.

செய்ய வேண்டியவை

• இன்றே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஷிப்ட் மாறினால் கதை நேரமும் மாறட்டும். செகண்ட் ஷிப்ட் அப்பா காலையில் சொல்லலாமே.

• ‘ம்’ வரும்வரை நிறுத்திக் காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். சின்னக் குழந்தைக்குச் சொல்லைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

• ஒரே கதையைப் பத்து நாள் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் அலுக்கும். ‘காக்கா வாயில இருந்த…’ என்று நிறுத்தினால் ‘வடை!’ என்று வந்து விழும்.

• குழந்தை சொன்னதோடு ஒன்றிரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ‘காக்கா போச்சு’ என்றால், ‘ஆமா, காக்கா வடையோட பறந்து போச்சு’. அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் பெற்றோருக்கு இதையும், படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கும் விதத்தையும் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டதாக 1988-ல் எழுதினார்கள்.

• நம் ஊரையே கதையாக்குங்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது வார்த்தை தானாக ஒட்டும். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டினார். அப்புறம்? கறுப்பா ஏதோ வந்தது. அப்புறம்? பெரிய சக்கரம் வந்து கடகடவென்று மண்ணைத் தின்றது, பெல்ட்டில் நிலக்கரி ஓடியது, கரண்ட் ஆனது, நம்ம வீட்டு ஃபேன் சுத்துது. ‘அப்புறம்’, ‘அதனால’ என்ற இரண்டு சொல் பிடிபட்டால் குழந்தை கோவையாகப் பேச ஆரம்பிக்கும்.

• வீட்டில் பேசும் மொழியிலேயே சொல்லுங்கள். தெலுங்கோ, மலையாளமோ, இந்தியோ, எதுவானாலும் சரி. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது.

• புத்தகக் கண்காட்சி நடக்கும்போது பெரிய படம் போட்ட புத்தகம் இரண்டு வாங்கி வையுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். படத்தை நீங்கள் காட்டிச் சொல்லுங்கள், போனை ஒப்படைக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

• யூடியூபில் கதை போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். அது ‘ம்’முக்காக நிற்காது. இரண்டு வயதுக்குள் ஸ்கிரீனே வேண்டாம், நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

• ‘இது என்ன? அது என்ன கலர்?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

• ‘பயம்’ இல்லை, ‘பழம்’ சொல்லு என்று விரட்டாதீர்கள். ‘ழ’ மெதுவாகத்தான் வரும். (நம்மில் எத்தனை பேருக்கு ஒழுங்காக வருகிறது?) நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள்.

• திக்கினால் முந்திக்கொண்டு முடித்துக் கொடுக்காதீர்கள். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் இது பல குழந்தைகளுக்கு வந்து போகும். ஆறு மாதம் தாண்டினாலோ, பேசும்போது முகம் கோணித் திணறினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

• கடைசியில் நீதி கேட்காதீர்கள். கதை கெட்டுவிடும்.

• நாக்கில் வசம்பு தேய்த்துவிட்டுப் பேச்சு வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். காது கேட்காத குழந்தைக்கு நாக்கில் எதைத் தேய்த்து என்ன?

• ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு வயதில் மழலைச் சத்தம்கூட இல்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேரவில்லை, முன்பு பேசியது நின்றுவிட்டது: இதில் ஒன்று இருந்தாலும் கதையை மட்டும் நம்பாதீர்கள். அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டம்) டாக்டர் குழுவிடம் இலவசமாகவே காட்டலாம். அவர்கள் வரும்வரை பொறுக்க முடியாவிட்டால் புதுச்சேரி ஜிப்மருக்குப் போங்கள். முதலில் காது டெஸ்ட் கேளுங்கள். வலிக்காது, குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள்.