விட்டு விட்டு ஒலிக்கும் கணினி
அன்புள்ள தம்பி,

அலவத்துகொடையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. லினக்ஸ் இட்ட உன் பழைய கணினியில் பாட்டுக் கேட்கையில் ஒலி விட்டு விட்டு வருகிறதென்றும், நண்பர்கள் சொன்ன கட்டளைகளையெல்லாம் இட்டுப் பார்த்தும் பலனில்லையென்றும், இனி அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவுவதே வழியென்றும் எழுதியிருந்தாய். அவ்வாறு செய்யாதே. காரணம் அறியாது செய்த பரிகாரம் தற்செயலாகப் பலித்தாலும், அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பும்போது மீண்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்பாய்.

கணினியில் ஒலி என்பது பெரும்பாலும் வினாடிக்கு 48,000 மாதிரிகள்; அவை, வழக்கமான அமைப்பில் 1,024 கொண்ட தொகுதிகளாக, ஏறக்குறைய 21 மில்லிவினாடிக்கு ஒன்று வீதம் ஒலிக்கருவிக்குப் போய்ச் சேரவேண்டும். உங்கள் மலைச்சரிவில் ஊற்றுநீர் தாங்கியில் சேர்ந்து குழாயில் இறங்குவதுபோல் மாதிரிகளும் ஓர் இடைத்தேக்கத்தில் சேர்ந்தே இறங்குகின்றன; வரத்துத் தாமதித்து அத்தேக்கம் வற்றும் கணமே நீ கேட்கும் அந்த விக்கல்.

ஆகவே முதலில் விசாரிக்கவேண்டியது, இந்தத் தேக்கத்தை உன் கணினியில் நிர்வகிப்பது யார் என்பதே. அடித்தளத்தில் ஆல்சா என்னும் ஒலி அமைப்பு இருக்கிறது; அதன்மேல் நெடுங்காலம் பல்ஸ்ஆடியோ என்னும் நிரல் இருந்தது; லினக்ஸ் வகைகளுள் 2021இல் வெளிவந்த ஃபெடோரா 34 முதல் அவ்விடத்தைப் பைப்வயர் என்னும் நிரல் ஏற்றது, உபுண்டு 2022இல் பின்தொடர்ந்தது. உன் நண்பர்கள் சொன்ன 'டீஷெட்=0' (tsched=0) என்னும் மாற்றம் பல்ஸ்ஆடியோவின் அமைப்புக் கோப்பில் செய்யும் பழைய வைத்தியம்; அக்கோப்பைப் பைப்வயர் படிப்பதே இல்லையாதலால், உன் கணினியில் இருப்பது பைப்வயரானால் அது பலிக்காததில் வியப்பில்லை.

பைப்வயர் இருக்குமானால், முனையத்தைத் திறந்து 'பிடபிள்யூ-டாப்' (pw-top) என்ற கட்டளையை இட்டு, பாட்டை ஓடவிட்டு, 'ஈஆர்ஆர்' (ERR) என்னும் பத்தியை மாத்திரம் கவனி. ஒலி விக்கும்போது அவ்வெண் ஏறினால், தொகுதி குறித்த நேரத்தில் தயாராகவில்லை என்பது நிச்சயம்: நினைவகம் போதாமல் உலாவி வட்டைக் கடைந்துகொண்டிருக்கலாம், அல்லது விசிறியில் தூசி அடைந்து சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்திருக்கலாம். எண் அசையாமலிருக்க ஒலி மட்டும் விட்டுப்போனால், பழுது பெரும்பாலும் வெளியே இருக்கும். இணையத்தில் ஓடும் பாட்டை இறக்கி வட்டிலிருந்து கேட்டுப் பார், புளூடூத்தை விட்டு வயர் ஹெட்ஃபோனில் கேட்டுப் பார், ஏனெனில் புளூடூத்தும் பல வைஃபை இணைப்புகளும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு பாட்டின் ஆரம்பம் மட்டும் விழுங்கப்பட்டால் அது வேறு சங்கதி. சும்மாயிருக்கும் ஒலிக்கருவியை மின்சிக்கனத்துக்காக உறங்கவைக்கும் ஏற்பாட்டைத்தான் அங்கே நிறுத்தவேண்டும்.

எண் ஏறுகிறதென்று கண்ட பின்னரே தொகுதியை 2,048 ஆக்கிப் பார். அவகாசம் 43 மில்லிவினாடியாக நீளும். பாட்டுக் கேட்பவனுக்கு அத்தாமதம் தெரியாது, கீபோர்டு வாசிப்பவனுக்கே இடையூறு. 'பிடபிள்யூ-மெட்டாடேட்டா' (pw-metadata) என்ற கட்டளை வழி செய்யும் இம்மாற்றம் கணினியை மறுபடி தொடக்கினால் மறைந்துவிடுமாகையால், அச்சமின்றிப் பரீட்சிக்கலாம்.

ஈஆர்ஆர் ஏறியதா, ஏறியதென்றால் எந்த வரியில், அவ்வேளை வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது என்பவற்றைக் குறித்து எனக்கு எழுது. கணினியைத் திறந்து விசிறியையும் ஒருமுறை பார்.

அன்புடன்,
அண்ணன்