நாகூரின் முதல் நாவலாசிரியை: சித்தி ஜுனைதா பேகம்

ஒன்பதாம் ஆண்டில் படிக்கும்போது நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் ஒரு கதை எழுதினேன். அதில் ஒரு பெண்ணும், அவள் மனத்தில் இடம்பிடித்த ஒருவனும் வந்தார்கள். கொப்பி வகுப்பில் கைமாறிக் கைமாறி யாரோ ஒருவரின் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. மூன்று நாட்கள் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. உம்மா அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "எழுதுறதுக்கு உனக்கு இதத் தவிர வேற ஒண்டும் கிடைக்கலையா மகள்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. கொப்பியை அலுமாரியின் அடித்தட்டில் வைத்து மூடிவிட்டேன்.

இன்று உயர்தரக் கலைப்பிரிவில் தமிழை ஒரு பாடமாகக் கற்கிறேன். நாவல் இலக்கியத்தின் தோற்றம் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் சித்தி ஜுனைதா பேகம் என்ற பெயரை முதன்முதலாகக் கண்டேன். அவருடைய முதல் நாவலின் பெயர் "காதலா? கடமையா?". உம்மா என்னிடம் கேட்ட கேள்வியை ஒருவர் நூலின் தலைப்பாகவே வைத்துவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

நாகூர் என்றதும் நம் பகுதியாருக்குக் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் நினைவுக்கு வரும். நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் ஆண்டுதோறும் அங்கே கொடியேறுகிறது. அந்த மகானின் தர்ஹா அமைந்த ஊரில்தான் 1917இல் ஜுனைதா பேகம் பிறந்தார். அவர் பள்ளிக்கூடம் சென்றது மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே. பன்னிரண்டு வயதில் திருமணம். பிரித்தானிய இந்தியாவில் பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 ஆக இருக்கவேண்டும் என்ற சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. அவருக்குத் திருமணமானதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். பிள்ளைகளைப் பெற்றார். இளவயதிலேயே கணவரை இழந்தார். சகோதரிகளே, நம்மில் பலர் மூன்றாம் வகுப்பில் ஒரு பக்கக் கட்டுரைகூடப் பிழையின்றி எழுதியிருக்கமாட்டோம். அந்தப் படிப்போடு நின்றுபோனவர் 1938இல், தமது 21ஆவது வயதில், ஒரு நாவலை அச்சில் கொண்டுவந்தார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று ஆய்வாளர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்நூலுக்கு அணிந்துரை வழங்கியவர் உ. வே. சாமிநாதையர். நாம் பாடத்தில் படிக்கும் அதே பதிப்பாசிரியர்தான். சீவக சிந்தாமணியை 1887இல் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அவருக்கு அப்போது எண்பது வயது கடந்திருந்தது. தமிழ் கற்ற முஸ்லிம் புலவர்கள் பலர் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு முஸ்லிம் பெண் எழுதிய தமிழ் நூலைத் தாம் காண்பது அதுவே முதல் தடவை என்ற கருத்தை அணிந்துரையில் பதிவு செய்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்த ஒருவருக்கே இது முதல் தடவை என்றால், அதற்கு முன்னர் எத்தனை பெண்களின் எழுத்து அடுக்களையைத் தாண்டாமலே போயிருக்கும்! என் கொப்பி கிடந்த அடித்தட்டைப் போல எத்தனை அடித்தட்டுகள் இருந்திருக்கும்!

அவருக்கு ஊக்கம் எங்கிருந்து கிடைத்தது? மூன்றாம் வகுப்போடு நின்றவர் செந்தமிழில் எழுதியிருக்கிறாரே என்று வியப்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த வியப்பு மட்டும் போதவில்லை. நாகூர் தமிழ் மணக்கும் ஊர். குலாம் காதிறு நாவலர் (1833–1908) அங்கே பிறந்தவர். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய நாவலை "உமறு பாஷா யுத்த சரித்திரம்" என்ற பெயரில் தமிழுக்குத் தந்தவரும் அவரே. ஆகவே ஜுனைதா பேகம் பிறப்பதற்கு முன்னரே நாவல் என்ற புதுவகை எழுத்து அவ்வூருக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடக் கதவு மூடப்பட்டாலும் வாசிப்பின் கதவு திறந்தே இருந்திருக்கிறது. மற்றொரு ஊற்று அவருடைய சொந்த வாழ்க்கை என்றே நினைக்கிறேன். விளையாடும் வயதில் மனைவியாகி, இளமையிலேயே தனித்துப்போன ஒருவருக்குக் காதலும் கடமையும் வெறும் சொற்களாக இருந்திருக்க முடியாது. அந்தத் தலைப்பில் உள்ள இரண்டு கேள்விக்குறிகளையும் ஒரு ஆண் எழுத்தாளர் இதே கனத்தோடு போட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

இலங்கையருக்கும் இதில் ஒரு முன்கதை உண்டு. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட "அசன்பே சரித்திரம்" ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனக் கொள்ளப்படுகிறது. முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டவர் அவர். வீரமும் பயணமும் காதலும் கலந்த கதையைச் சொல்ல அந்தப் பெரியவர் தயங்கவில்லை. ஆனால் ஒரு முஸ்லிம் ஆணின் நாவலுக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணின் நாவலுக்கும் இடையில் 53 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. அந்த இடைவெளியை இலக்கிய வரலாற்று நூல்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன.

இந்த நிலை நமக்கு மட்டும் உரியதன்று. ஜேன் ஒஸ்டினின் முதல் நாவல் 1811இல் வெளிவந்தபோது தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. "ஒரு பெண்மணி எழுதியது" என்று மட்டுமே இருந்தது. வங்காளத்து றொக்கையா சகாவத் ஹுசைனின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வீட்டார் உறங்கிய பின்னர் இரவில் அண்ணனிடம் இரகசியமாக மொழி கற்றவர் அவர். 1924இல் வெளிவந்த அவருடைய "பத்மராக்" நாவலின் நாயகி சித்தீக்கா, தன்னை மணந்தவன்மீது அன்பிருந்தும் அவனோடு வாழப் போகவில்லை. பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் ஓர் இல்லத்தில் தன் பணியைக் கண்டவள் அவள். காதல் கதை என்றாலே பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சொல்லும் பெற்றோர் இந்த முடிவைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். அன்பு இருக்கிறது, ஆனால் அந்த அன்பிடம் அவள் தன்னை ஒப்படைத்துவிடவில்லை. காதல் இல்லாத ஒரு கதையில் இதை எப்படிக் காட்டுவது?

ஜுனைதா பேகம் ஒரு நூலோடு நிற்கவில்லை. 1947இல் "செண்பகவல்லி தேவி" வந்தது. அப்பாசியக் குலத்தில் உதித்த ஒருவர் தென்னாட்டுக்கு வருவதைச் சொல்லும் வரலாற்றுக் கதை அது. "மகிழம்பூ" மற்றொரு நாவல். "இஸ்லாமும் பெண்களும்" என்ற கட்டுரை நூலும் அவருடையது. வரலாற்றுக் கதையை அவர் ஏன் தேடிப்போனார் என்பதற்கு நான் ஊகிக்கும் காரணம் ஒன்று உண்டு. வாசலைக்கூட அளந்து தாண்டவேண்டிய ஒரு பெண்ணுக்குப் பக்தாதுக்கும் கடலுக்கும் அரண்மனைக்கும் போய்வரப் பழங்காலத்தைவிட நல்ல வழி ஏது? அவர் 1998இல் காலமானார். நாகூரில் பிறந்த ஒருவர் 1938இலேயே நாவலை அச்சில் கொண்டுவந்திருந்தும் நம் பாடக் குறிப்புகளில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒன்றரை வரிதான்.

அவருடைய நூல் வெளியான அதே 1938இல்தான் ரமணிசந்திரன் பிறந்தார். நம் பெற்றோர் பலருக்கு இந்தப் பெயரைச் சொன்னால் போதும், சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். நூலகங்களில் அட்டை கழன்று, ஓரம் மடிந்து, கைபட்டுக் கறுத்துப்போயிருப்பவை அவருடைய புத்தகங்கள்தாம். அவற்றில் வரும் பெண்களும் தன்மானத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் கடைசியில் காதலும் கடமையும் எப்படியோ ஒரே ஆளிடம் வந்து ஒன்றாகிவிடும். அந்த இலகுவான முடிவு வாசிக்க இனிக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. முடிவு கையில் இருக்கும் புத்தகத்தைவிடக் கேள்விக்குறி போட்ட தலைப்பையே விரும்புகிறேன்.

இதையெல்லாம் எழுதி முடித்து உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த மூத்தம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் வட்டையில் காவலுக்குப் போனவர்களைப் பற்றியும், அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களைப் பற்றியும் ஊர்க்கவிகள் அவருக்கு ஏராளம் பாடம். அவற்றில் பாதிக்கு மேல் காதல் கவிகள். எழுத்தறியாத நம் கிழவிகள் தலைமுறை தலைமுறையாக வாயிலேயே வைத்துக் காப்பாற்றிய காதலை நான் கொப்பியில் எழுதியதுதான் குற்றமாகிப்போனது! நாகூர்ப் பெண்ணின் கதையை மூத்தம்மா மறுபடியும் சொல்லச் சொன்னார். பன்னிரண்டு வயதில் திருமணம் என்ற இடத்தில் மட்டும் பாக்குவெட்டி நின்றது. "எனக்குப் பதின்மூணு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு உம்மாவே அலுமாரியின் அடித்தட்டைத் திறந்து கொப்பியை எடுத்துத் தந்தார். மூலைகளைப் பூச்சி அரித்திருந்தது. மூத்தம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து முதலிலிருந்து வாசித்தேன். சில இடங்களில் எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே இருக்கிறாள், ஒரு வேலையும் செய்வதில்லை. கடைசிப் பக்கம் பாதியில் நின்றிருந்தது.

"பொறகு?" என்றார் மூத்தம்மா.

"இன்னும் எழுதல்ல மூத்தம்மா."

"அப்ப எழுதிப் போட்டு வா. நான் முழிச்சிருக்கன்."